செவ்வாய்க்கிழமை ஜெபம் இல்லை

ஆகஸ்ட் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். கைபேசியை அணைத்து, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். காபி போட்டுக் குடித்தேன். காலை ஏ ஷிப்ட் பெண்களை ஏற்றிய கம்பெனிப் பேருந்துகள் வல்லம் வடகால் பக்கம் திரும்பி ஓயும்வரை ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தேன். பிறகு திறந்தேன். இரண்டு சேலைகளையும் தலையணை உறைகளையும் துவைத்து மாடியில் காயப்போட்டேன். படியிறங்கிப் போய்க் கீழ்க்கதவின் கொக்கியில் என் பலகையை மாட்டினேன். "இன்று ஜெபம் இல்லை. நாளை வாருங்கள்" என்று அதில் என் கையால் எழுதியிருந்தது. மறுபடி மேலே வந்து பாயை விரித்து உட்கார்ந்தேன்.

பத்தரை மணி இருக்கும். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் இரண்டு முறை கேட்டது. பலகையை யாரோ நின்று படிக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு கதவைத் தட்டினார்கள்.

வந்தவர்கள் எங்கள் ஐக்கியக் கமிட்டியின் தலைவர் துரைராஜ் ஐயாவும் செயலாளர் ஸ்டெல்லா டீச்சரும். கமிட்டிக் கூட்டத்தை அன்றைக்கு வைத்து என்னை அழைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வர இயலாது, வேறு எந்த நாளானாலும் வருகிறேன் என்று பதில் அனுப்பியிருந்தேன். ஆகவே கமிட்டி என் வீட்டுக்கே வந்துவிட்டது.

அவர்கள் எதற்காக வந்தார்கள் என்று சொல்வதற்கு முன், இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அது நடந்து பல வருடங்களாகின்றன; நான் இப்போது ஓய்வுபெற்றவள். சென்ற மாதம், ஊழியத்தில் பொறுப்புக்கு வரப்போகும் இளையவர்களுக்கான பயிற்சி முகாமில் பேச அழைப்பு வந்தது. தலைப்பு, ஊழியத் தலைவர் தம்முடைய ஆவிக்குரிய ஆரோக்கியத்தைக் காத்துக்கொள்வது எப்படி என்பது. எளிய வழிமுறைகளாகச் சொன்னால் திரையில் போட வசதியாக இருக்கும் என்றும், அவற்றால் ஊழியத்தின் பலன் எப்படிப் பெருகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். நான் போகவில்லை. அந்தப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் ஊழியத்துக்கு வந்தது முப்பது வயதில். வேதப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். அதிகாலை மணி, பிரசங்கக் குறிப்பு, ஆர்மோனியம், பெரிய பாத்திரம் தேய்க்கும் முறை. ஜெபிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள், சத்தமாக, தங்குதடையில்லாமல், பிறருக்காக. சும்மா உட்காரச் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும்.

ஒரகடத்துக்கு என்னை அனுப்பியபோது வயல்களுக்கு நடுவில் ஆலைகள் இருந்தன. சில வருடங்களில் ஆலைகளுக்கு நடுவில் அங்கங்கே வயல் இருந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துப் பெண்பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வந்து வடக்குப்பட்டு வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் தங்கினார்கள். அவர்களில் சபைப் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்காக ஏற்பட்டதுதான் எங்கள் ஐக்கியம்; அதன் ஊழியத் தலைவராக நான் இருந்தேன். கூட்ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு வீடு. கீழே கூடம், மேலே நான் தங்கும் இரண்டு அறைகள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்கு ஒன்றாக மூன்று ஆராதனை. மற்ற நாட்களில் வீடு சந்திப்பு, ஆஸ்பத்திரி சந்திப்பு, உபவாசக் கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலே சங்கிலி ஜெபம்.

சங்கிலி ஜெபம் நடக்கும் முறையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோய் அங்கேதான் பிடித்தது. கூடத்துச் சுவரில் ஒரு பெரிய அட்டை. நாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு சதுரம். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண்ணின் பெயர். வாசலருகே ஒரு பெட்டி. வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். "ராணி, தகப்பனார், ஹார்ட்." "ஜெபா, கல்யாணம்." "கனி, தாயார், கிட்னி." அந்தச் சீட்டுகளை நான் பிரித்துச் சதுரத்துக்குச் சதுரம் கிளிப்பில் செருகிவைப்பேன். தன் மணி நேரம் வந்ததும் அந்தப் பெண் இருக்கும் இடத்திலேயே முழங்கால் போட்டு, எனக்குத் தகவல் அனுப்ப வேண்டும். நான் சதுரத்தில் குறி போடுவேன். இருபத்துநான்கு மணி நேரமும் யாராவது ஒருவர் முழங்காலில் இருப்பார். சங்கிலி அறக்கூடாது. இதுதான் சட்டம்.

ஆனால் ஆலைக்கு ஓ.டி. என்று ஒன்று உண்டு. ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்து இன்னும் நான்கு மணி நேரம் நில் என்பார். கைபேசி லாக்கரில் இருக்கும். முடிந்தவள் இடைவேளையில் ஓடிப்போய் "அக்கா OT" என்று இரண்டு சொல் அனுப்புவாள். அனுப்ப முடியாதவளின் சதுரம் வெறுமையாக நிற்கும். அந்தச் சதுரத்துக்கு நான் முழங்கால் போடுவேன். தலைவர் என்றால் அப்படித்தான் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாளடைவில் அட்டையில் பாதிச் சதுரங்கள் என்னுடையவை ஆகிவிட்டன. பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒருவருடைய புற்றுநோய்க்காக என்னால் உருக்கமாக ஜெபிக்க முடிந்தது. ஸ்தோத்திரம், பிறகு ஆளும் நோயும், பிறகு உமக்குச் சித்தமானால், பிறகு ஆமென். வாய் தானாக ஓடும்.

துரைராஜ் ஐயா பெரிய ஆலையொன்றில் உற்பத்தி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். காரை எப்போதும் வெளியே போகும் திசை பார்த்துத்தான் நிறுத்துவார். செருப்பையும் அப்படியே கழற்றிவைப்பார். உள்ளே வந்ததும் யாரோடும் பேசுவதற்கு முன் அட்டையிடம் போவார். கடைசிச் சதுரத்திலிருந்து முதல் சதுரம்வரை பின்னோக்கிப் படிப்பார். ஆலையில் குறையை அப்படித்தான் தேடுவார்களாம். எல்லாம் நிரம்பியிருந்தால் கண்ணை மூடி "ஸ்தோத்திரம்" என்பார், திறந்ததும் "சரி, அப்புறம்?" என்பார். கோபம் கூடக் கூடக் குரல் இறங்கும். அவர் கிசுகிசுத்துப் பேசினால் கூடத்தில் ஊசி விழும் சத்தம் கேட்கும். கல்நெஞ்சர் இல்லை. விரல் நசுங்கிய ஒரு பெண்ணுக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் நின்றவர். பிறர் முன் ஜெபிக்கும்போது உண்மையாகவே அழுவார். அந்தக் கண்ணீரை நான் சந்தேகப்பட்டதே இல்லை. அதைத் தவிர அவருக்கு வேறு கண்ணீர் இருந்ததா என்பதுதான் எனக்குத் தெரியாது.

அந்த வருடம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதிய ஆராதனை முடிந்து கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கனி என் எதிரே உட்கார்ந்திருந்தாள். சாத்தான்குளம் பக்கத்துப் பெண். செல்போன் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை. மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீங்கள்லா?"

"கேளு."

"போன வாரம் எங்கம்மாவுக்கு ஜெபிச்சீங்க. இன்னைக்கு ராணி அப்பாவுக்கு ஜெபிச்சீங்க. ரெண்டும் ஒரே ஜெபம்க்கா. எங்கம்மாவுக்குக் கிட்னி, அவ அப்பாவுக்கு ஹார்ட்டு. அத மட்டும் மாத்திட்டீங்க."

"எல்லா நோய்க்கும் ஒரே கர்த்தர்தானே," என்றேன்.

"கர்த்தர் ஒண்ணுதான். எங்கம்மாவும் அவ அப்பாவும் ஒண்ணா?"

ஹாஸ்டலில் சமைக்கும் பேபியம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கும் வந்து சமைத்துக்கொடுப்பார். வடக்குப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். குழம்பு வாளியோடு நின்றவர் சிரித்துவிட்டார். "கேண்டீன் சாம்பார் மாரி சொல்லுது பொண்ணு. காலையில இட்லிக்கு ஊத்துனதுதான் மத்தியானம் சோத்துக்கும். கத்திரிக்காய மட்டும் மாத்திகினே இருப்பாங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை மேலே போய், கையில் எந்தச் சீட்டும் இல்லாமல் முழங்கால் போட்டேன். சொற்கள் உடனே வந்து வரிசையில் நின்றன. அவற்றை ஒதுக்கினேன். ஒதுக்கிய பிறகு அங்கே ஆள் இல்லை. என் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டிருந்தால் "அவங்க வெளியே போயிருக்காங்க" என்றுதான் பதில் சொல்லியிருப்பேன்.

இதை நான் பாவ அறிக்கையாக எழுதவில்லை. ஆலையில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வருடக்கணக்கில் நிற்பவருக்குக் காது மந்தமாகிறது. அவரை யாரும் குற்றவாளி என்பதில்லை. தொழில் தந்த நோய் என்கிறோம். எனக்கு வந்ததும் அதுதான். சத்தம் ஜெபச் சத்தமாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ஐயாவுக்கு இரண்டு வரியில் கடிதம் எழுதினேன். இனிச் செவ்வாய்க்கிழமைகளில் நான் யாருக்காகவும் ஜெபிக்க மாட்டேன், யாரையும் சந்திக்க மாட்டேன், கைபேசி அணைந்திருக்கும் என்று. அவர் நேரில் வந்தார்.

"வீக் ஆஃப் தாராளமா எடுத்துக்குங்க சிஸ்டர். யாரு வேணாம்னது? போன் மட்டும் ஆன்ல இருக்கட்டும். செயின்ல உங்க சதுரம் மட்டும் ஓடட்டும்."

"அப்ப அது வீக் ஆஃப் இல்லையே ஐயா."

"அவசரம்னு ஒண்ணு வந்தா?"

"வரும். அன்னைக்கு நீங்க இருக்கீங்க, டீச்சர் இருக்காங்க, சபை இருக்கு."

அவர் குரல் இறங்கியது. ஆனால் தடுக்கவில்லை. முதல் செவ்வாயிலேயே சங்கிலி அறுந்தது. புதன்கிழமை வந்து வெறும் சதுரத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெருக்குவதை நிறுத்தவில்லை.

அந்தச் செவ்வாய்கள் இனிமையாக இருந்தன என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் பகல் முழுக்கத் தூங்கினேன். அடுத்த வாரம் உட்கார முடியாமல் கழிவறையைத் தேய்த்தேன். அதற்கடுத்த வாரம் ஏரிக்கரை வரை நடந்துபோய், லாரிகளை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன். சில வாரங்கள் கழித்துத்தான் ஒன்று தெரிந்தது. கடவுளிடம் எனக்குக் கோபம் இருந்தது. பழைய கோபம். எதற்கென்று இங்கே எழுதப்போவதில்லை. ஊழியக்காரி என்பதற்காக என் உள்வீட்டின் எல்லா அறைகளையும் திறந்துகாட்ட வேண்டிய கடமை எனக்கு இல்லை. அது எனக்கும் அவருக்கும் இடையிலான வழக்கு. செவ்வாய்க்கிழமைகளில் அந்த வழக்கை நடத்தினேன். சில வாரம் அவர் பேசவில்லை, சில வாரம் நான் பேசவில்லை. ஆனால் இருவரும் ஆஜராகியிருந்தோம்.

இனி, ஐயாவும் டீச்சரும் வந்ததன் காரணம். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, ஜூலை கடைசி நாள். மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தட்டல் நிற்கவில்லை. இறங்கிப்போய்த் திறந்தேன். யூனிபார்மோடு கனி நின்றிருந்தாள். அவள் தோளைப் பிடித்தபடி பேபியம்மா.

"பொண்ணோட அம்மா பூட்ச்சாம் சிஸ்டரே. காத்தாலயே. போனு லாக்கர்ல கீதுல்ல, ரெண்டு மணிக்கு ஷிப்ட் வுட்டுத்தான் பாத்துகீது. ஊருக்குப் பஸ்ஸு சாயங்காலம்தான். அதான் இட்டாந்தேன்."

கனி அழவில்லை. "ஒங்களுக்கு நாலு தடவ அடிச்சேன்க்கா. ஆஃப்ல இருந்துச்சு," என்றாள்.

"ஆமா, ஆஃப்ல வெச்சிருந்தேன். உள்ள வா."

கூடத்தில் உட்காரவைத்தேன். பேபியம்மா புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, "பொண்ணுக்கு ஜெபம் பண்ணு சிஸ்டரே," என்றார்.

அந்த நொடியைச் சரியாக எழுத வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அதைப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். நான் கண்ணை மூடினேன். துக்க வீட்டு ஜெபம் முழுசாக, தயாராக நாக்கில் வந்து நின்றது. நூறு வீடுகளில் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் அழுவார்கள், ஆறுதலாக இருந்தது என்பார்கள். அதைச் சொல்லியிருந்தால் கனியும் அழுதிருப்பாள். அவள் எதிரே அமர்ந்து, அவள் தாயின் சாவுக்கு அந்தச் சாம்பாரை ஊற்ற எனக்குக் கை வரவில்லை. பலகைக்காக மறுத்தேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

"இன்னைக்கு நான் ஜெபிக்க மாட்டேன்," என்றேன்.

பேபியம்மாவின் தலைப்பு நழுவிவிட்டது. "இன்னா சொல்ற நீ? தாய் செத்த பொண்ணும்மா!"

"தெரியும். அவ இங்க இருக்கட்டும். நான் கூட இருக்கேன்."

கனி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்ததா, வெறுப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கஞ்சி வைத்துக்கொடுத்தேன்; இரண்டு வாய் குடித்தாள். என் சேலை ஒன்றைக் கொடுத்து உடை மாற்றச் சொன்னேன். யூனிபார்மைத் துவைத்துக் காயப்போட்டேன். தலைவாரிப் பின்னிவிட்டேன். பாயில் சுருண்டு கிடந்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குப் பெருங்களத்தூர் வரை கூடவே போய்ப் பேருந்தில் ஏற்றி, பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். பேருந்து நகரும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

வியாழக்கிழமைக்குள் செய்தி எல்லா ஹாஸ்டலுக்கும் போய்விட்டது. தாயைப் பறிகொடுத்த பெண்ணுக்கு ஜெபிக்க மறுத்தாள் எஸ்தர் சிஸ்டர். பேபியம்மாவைக் கேட்டேன். அவர் கண்ணைத் தாழ்த்தவே இல்லை.

"ஐயா கேட்டாரு, சொன்னேன். பொய் சொல்ல சொல்றியா? கஞ்சி குடுத்ததையும் சொன்னேன். அத யாரும் காதுல வாங்கல, நான் இன்னா பண்றது?"

இப்போது ஆகஸ்ட் ஏழுக்குத் திரும்புகிறேன். ஐயாவும் டீச்சரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தேன். ஐயா அன்று அட்டையிடம் போகவில்லை. அதிலிருந்தே விஷயத்தின் கனம் தெரிந்தது.

டீச்சர்தான் தொடங்கினார். "வர்ற ஞாயிறு மூணு ஆராதனையிலயும் எழுந்து நின்னு வருத்தம் தெரிவிச்சிருங்க எஸ்தர். அதோட இந்தப் பலகையையும் எடுத்துருங்க. முடிஞ்சுது. கமிட்டி இதை இதோட விட்டுரும்."

"இல்லன்னா?"

"பொறுப்புல நீங்க தொடர முடியாது."

"எதுக்கு வருத்தம் தெரிவிக்கணும் டீச்சர்?"

"ஒரு பொண்ணு அம்மாவ இழந்துட்டு வந்து நிக்கிறா. அவ திரும்பி வருவாளான்னே தெரியல. விசுவாசத்த விட்டுட்டாலும் விட்டிருப்பா. அதுக்கு யாரு பொறுப்பு?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. அந்த வாரம் முழுக்க நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கனியிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. "அவகிட்ட கேக்க வேண்டியத நான் அவகிட்ட கேப்பேன்," என்றேன். "அவளுக்காக நீங்க என்கிட்ட கேக்க வேணாம்."

ஐயா கையைத் தூக்கி டீச்சரை நிறுத்தினார். குரல் இதமாக இருந்தது. உதவி செய்யத்தான் வந்திருந்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

"சிஸ்டர், நான் ஒரு வழி சொல்றேன். லைன்ல பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்னு வெப்போம். மெஷின் நல்லா ஓடும்போதே நிறுத்தி எண்ணெய் போடுவோம். அதனால அவுட்புட் கூடும். உங்க செவ்வாய்க்கிழமைய அப்படி எழுதிக் குடுங்க. அன்னைக்கு ஓய்வெடுத்தா மத்த நாள்ல ஊழியம் எவ்வளவு பெருகும்னு காட்டுங்க. கமிட்டிய நான் ஒத்துக்க வெக்கிறேன். வருத்தம் தெரிவிக்கறதக்கூட ரெண்டு வார்த்தையில முடிச்சுக்கலாம்."

நல்ல வழிதான். அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் பதவியும் செவ்வாயும் இரண்டும் கிடைத்திருக்கும். டீச்சர் நான் தலையாட்டுவதற்காகவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாது ஐயா," என்றேன். "ஊழியம் பெருகணும்னு நான் உட்காரல. பெருகலன்னாலும் உட்காருவேன். இதனால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமப் போகலாம். கர்த்தர் என்னை வேலைக்கு மட்டும் எடுத்தார்னு நான் நினைக்கல. வேலைக்கு எடுத்துக்கறதுக்கு முன்னாலயே நான் அவருக்குப் பிள்ளை. பிள்ளை அப்பாவப் பாக்கப் போறதுக்கு அவுட்புட் காட்டணுமா?"

"நீங்க சாதாரண விசுவாசி இல்ல சிஸ்டர். தலைவர்."

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். யாருக்காகவும் இல்லாம, யாரும் கேக்காம, நீங்க கடைசியா எப்ப ஜெபிச்சீங்க?"

டீச்சர் "எஸ்தர்!" என்றார். ஐயா டீயின் மேல் படிந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வந்தபோது குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"அது என் சொந்த விஷயம்."

"அதத்தான் நானும் சொல்றேன் ஐயா."

பிறகு பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. புதன்கிழமை முதல் பொறுப்பைத் தற்காலிகமாக டீச்சர் ஏற்பது என்று முடிவானது. சாவிக்கொத்தையும் வேண்டுதல் பெட்டியையும் அப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஐயா எழுந்து ஜெபித்து முடிக்கலாமா என்று கேட்டார், வழக்கம் அப்படி. நான் பலகையைக் காட்டினேன். "நீங்க ஜெபிங்க. நான் சும்மா நிக்கிறேன்," என்றேன். அவர் ஜெபிக்கவில்லை. வெளியே போகும் திசை பார்த்து நின்ற செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

அதன்பின் நான் தலைவராக இருக்கவே இல்லை. அதே வீட்டில், அதே ஐக்கியத்தில், சாதாரண ஊழியராக ஓய்வு பெறும்வரை இருந்தேன். வீடு சந்தித்தேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன், பாத்திரம் தேய்த்தேன். எனக்குப் பின் தலைவர்கள் இருவர் வந்தார்கள். இருவரும் நல்லவர்கள். ஒருவர் இரத்த அழுத்தத்தில் விழுந்தார், இன்னொருவர் ஊழியத்தை விட்டே போனார். யாரும் அவர்களைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற நாள்வரை எந்தச் செவ்வாய்க்கிழமையையும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நன்றாக ஊழியம் செய்வதற்காக உன் ஆத்துமாவைப் பார்த்துக்கொள் என்று உங்களிடம் சொல்வார்கள். கனிவாகச் சொல்வார்கள், திரையில் போட்டுக் காட்டுவார்கள். நம்பாதீர்கள். அப்படிச் சொல்பவர் உங்கள் ஆத்துமாவையும் ஊழியத்தின் உதிரிபாகமாகத்தான் பார்க்கிறார். உங்கள் ஆத்துமாவைப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு ஒரு காரணமும் வேண்டியதில்லை. யாராவது காரணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதவி போனால் போகட்டும்.

மறுநாள் புதன்கிழமை, ஆகஸ்ட் எட்டு. ஐந்து மணிக்கு எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கீழே கதவு தட்டப்பட்டது. திறந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கனி நின்றிருந்தாள். ஊர்ப் பேருந்திலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள். முகம் கறுத்திருந்தது. கையில் என் சேலை, மடித்து, ஒரு பையில்.

"தோச்சிட்டேன்," என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளே வரவில்லை. படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏ ஷிப்ட் பேருந்து ஒன்று முனையில் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

"பஸ்ல போவும்போது பூராவும் ஒங்களத் திட்டிட்டேதான் போனேன்."

"சரி."

"ஊர்ல அத்தன பேரு ஜெபிச்சாவ. பாஸ்டர் ஜெபிச்சாவ, சித்தப்பா ஜெபிச்சாவ, வந்தவுக போனவுக எல்லாரும் ஜெபிச்சாவ. ஒரு வார்த்தகூடக் காதுல ஏறல. நீங்க தலசீவி விட்டது மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அதுக்காவக் கோவம் போயிட்டுன்னு நெனைக்காதீங்க. இருக்கு."

"இருக்கட்டும். எனக்கும் கர்த்தர் மேல இருக்கு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கா?"

"எனக்குத்தான்."

பேருந்து போய்விட்டது.

"இன்னைக்கு புதன்தான?"

"ஆமா."

"அப்ப ஜெபிங்க. பழசையே ஓட்டுனீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன், சொல்லிட்டேன்."

கண்ணை மூடினேன். துக்க வீட்டு ஜெபம் வரிசையாக வந்து நின்றது. அதை அனுப்பிவிட்டேன். அது போன பிறகு, சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எத்தனையோ மாதம் அந்தப் பெண்மணிக்காக முழங்கால் போட்டவள் நான். கண்ணைத் திறந்தேன்.

"கனி, உங்க அம்மா பேரு என்ன?"

அந்த வாரம் முழுவதும் வராதது அப்போது வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் காத்திருந்தேன்.

"ஞானப்பூ," என்றாள்.

"ஞானப்பூ," என்று சொல்லி, அங்கிருந்து தொடங்கினேன்.